நடுங்கியும் இடது உள்ளங்கையும்

எங்கள் கடைக்கு மூலதனம் என்ன என்று யாராவது கேட்டால் நான் கம்ப்ரசரைக் காட்டுவதில்லை, வெல்டிங் மெஷினைக் காட்டுவதில்லை. என் வீட்டுக்காரரின் இடது உள்ளங்கையைத்தான் காட்டுவேன்.

அவர் கார்களுக்கு டிங்கர் வேலை செய்கிறவர். நசுங்கினது, துருப்பிடித்தது, சுவரில் உரசினது, நிறுத்தி வைத்திருந்தபோது யாரோ இடித்துவிட்டு ஓடிப்போனது என்று எது வந்தாலும் தட்டி நிமிர்த்தி, பள்ளம் அடைக்கப் பட்டி பூசி, தேய்த்து என்னிடம் கொடுப்பார். நான் பெயிண்டர். அதற்கு மேல் உள்ள வேலை என்னுடையது. கடையில் வேறு ஆள் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதற்கே இடம் பற்றவில்லை, இதில் மூன்றாவது ஆள் எங்கே நிற்பது?

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. அவர் தேய்த்து முடித்ததும் தூசியைத் துடைப்பார். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கையை விரித்துத் தகட்டின் மேல் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டுவார். பார்க்கிறவர்களுக்கு மனுஷர் காருக்குக் காய்ச்சல் பார்க்கிறார் என்றுதான் தோன்றும். வலது கை சுத்தியல் பிடித்தே காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது. இடது கை அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத பள்ளம், மேடு எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். நடுவில் நின்றுவிட்டால் அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். நிற்காமல் போய்ச் சேர்ந்தால், கண்ணைத் திறந்து, "போகலாம்" என்பார். அந்த வார்த்தை வந்த பிறகுதான் நான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பேன். அவர் சொன்ன பிறகு நான் ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை. எனக்கு இந்த உலகத்தில் அவ்வளவு நம்பிக்கை வேறு எதன் மேலும் கிடையாது, என் பல்லின் மேல்கூட.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு பெரிய பட்டறையில் இருந்தேன். அங்கே இருந்த டிங்கர்கள் தேய்த்துக் கொடுக்கிற கதவில் நான் பெயிண்ட் அடிப்பேன். வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் கதவு முழுக்க அலை அடிக்கும். தேய்த்தவன் டீ குடிக்கப் போய்விடுவான். "பெயிண்டரம்மா ஒழுங்கா அடிக்கலை" என்று பழி என் தலையில் வந்து விழும். புதிதாக வந்து சேர்ந்த ஒரு ஒல்லி ஆள் கொடுத்த கதவில் மட்டும் அலை வரவில்லை. எனக்குத் திட்டும் வரவில்லை. அப்படி ஒரு ஆளை யாராவது விடுவார்களா? "இவரோட கைக்காகத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன்" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஆள் எப்படி என்றால், பேச்சு குறைவு, தொடுதல் அதிகம். யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டார். மேசை விளிம்பைத் தடவுவார், சுவரைத் தடவுவார். ஒரு சொந்தக்காரர் வீட்டில் புது பிரிட்ஜைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கீழ விழுந்து எழுந்தது, இந்தப் பக்கம் நிமிர்த்தியிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அன்றைக்கு டீ வரவில்லை. அவர்கள் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டு வேறு பிரிட்ஜ் வாங்கிய பிறகுதான் எங்களோடு மறுபடி பேசினார்கள். தெருவில் இவருக்குப் பெயரே தடவல் மாஸ்டர்தான். எனக்கு அந்தப் பெயர் துளியும் பிடிக்காது, ஆனால் எங்கள் கடைக்கு வழி கேட்டால் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். டூல்ஸ் வாங்குவார். ஹார்டுவேர் கடைக்காரருக்கு இவரைத் தூரத்தில் கண்டாலே முகம் மலர்ந்துவிடும். வாங்கி வந்ததை நேராக என்னிடம் காட்டுகிற தைரியம் கிடையாது. துவைக்கப் போட்ட துணி மூட்டைக்குள் இரண்டு மூன்று நாள் ஊற வைப்பார். பிறகு கடைக்குக் கொண்டுவந்து, எப்போதும் அங்கேயே இருந்த சாமான் மாதிரி அலமாரியில் வைப்பார். துணி துவைக்கிறது யார் என்று அவருக்கு இதுவரை உறைக்கவில்லை.

நடுங்கியும் அப்படித்தான் அழுக்குத் துணிக்குள்ளிருந்து என் கைக்கு வந்தது. தடித்த டார்ச் லைட் அளவில் ஒரு மெஷின். முன்னால் கழுத்து, கழுத்து முனையில் குறுக்காக ஒரு சின்னத் தகடு. சுவிட்சைத் தட்டினால் அந்தத் தகடு சுற்றாது. இப்படியும் அப்படியுமாக அசையும், ஆனால் அசைவது கண்ணுக்கே தெரியாத வேகம். உர்ரென்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

"என்னது இது?"

"மல்ட்டி டூல். இது சுத்தாது, நடுங்கும். அதான் விசேஷமே."

"நடுங்குறதுக்கு மெஷின் எதுக்கு? உங்க அக்கா வந்தா நீங்களே நடுங்குவீங்களே."

"கேலி பண்ணாத. வெட்டும், சுரண்டும், தேய்க்கும். தகட்டை மாத்தினா போதும், எல்லா வேலையும் ஒண்ணுலயே முடிஞ்சிரும்."

"அப்ப மத்த மெஷினையெல்லாம் வித்துடலாமா?"

ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னதை அப்படியே மனப்பாடமாக ஒப்பித்தவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுக்கப்படவில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் நடுங்கி.

முதலில் வீட்டில் பரீட்சை நடந்தது. சாப்பாட்டு மேசை ஆடுகிறது என்று ஒரு காலைக் கொஞ்சம் வெட்டினார். மறு பக்கம் ஆடியது. அந்தக் காலை வெட்டினார். மேசை குட்டையாகிக்கொண்டே வந்தது, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. இன்னும் இரண்டு தடவை வெட்டினால் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான் என்று நான் மெஷினைப் பிடுங்கி வைத்தேன். குளியலறைக் கதவு மழைக்கு ஊதிப்போய்த் தரையில் உரசிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றாமலே அடியில் மெஷினைப் படுக்கப்போட்டு நூல் பிடித்த மாதிரி சீவித் தள்ளினார். அது உண்மையிலேயே நல்ல வேலை. ஆனால் நான் அதை வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரம் துணி மூட்டை இன்னும் கனக்கும்.

கடைக்கு வந்ததும் நானே ஒரு பழைய கதவை எடுத்துப் போட்டேன். "இது கார் கடை. மேசைக் கால் கடை இல்லை. இந்தத் தகட்டை வெட்டிக் காட்டுங்க" என்றேன். இரும்பு வெட்டுகிற பிளேடை மாட்டி ஆரம்பித்தார். ஒரு சாண் போவதற்குள் பிளேடின் பல்லெல்லாம் மழுங்கி, ஓரம் நீலம் பூத்துவிட்டது. நான் பக்கத்தில் கிரைண்டரை எடுத்து அதே நீளத்தை ஒரு இழுப்பில் வெட்டிக் காட்டினேன். தீப்பொறி பறந்தது, வேலை முடிந்தது.

"பிளேடு மட்டமான பிளேடு" என்றார்.

"ஆமா, பிளேடுதான் மட்டம். வாங்கின ஆள் தங்கம்."

அவர் முகம் சுண்டிப்போனது. மெஷினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, இருந்தாலும் சமாதானம் சொல்லப் போகவில்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணி கார் கொண்டுவந்தாள். அண்ணி என்றால் இவருடைய அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தருக்குக் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்து, சாதாரணமாகப் பேசும்போதும் "நில்லு, பாரு, அப்புறம் திரும்பு" என்றுதான் பேசுவாள். இத்தனை வருஷம் வேறொருவரின் டிரைவிங் பள்ளியில் வேலை பார்த்தவள், அங்கே மனஸ்தாபமாகி வெளியே வந்து, சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தாள். கற்றுக்கொடுக்கிறவர் காலுக்கும் ஒரு பிரேக் வைத்த கார். இடது பக்கக் கதவு இரண்டும் நசுங்கல். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் துரு. படிக்க ஆட்கள் சொல்லி வைத்துக் காத்திருந்தார்கள்.

"டேய், எனக்குக் கறுப்புதான் வேணும். பளபளன்னு இருக்கணும். அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வழியாத்தான் தினமும் போவேன்" என்றாள்.

"அண்ணி, கறுப்பு கோள்மூட்டுற நிறம். தகட்டுல ஒரு முடி அளவு பள்ளம் இருந்தாலும் ஊருக்கே காட்டிக்குடுத்துரும்" என்றேன்.

"என் தம்பி கை இருக்கையில எனக்கென்ன பயம்?"

இவர் நெளிந்துகொண்டே சிரித்தார். அக்கா பாராட்டினால் மட்டும் இவருக்கு இன்னும் காது சிவக்கும்.

அந்தத் துருப்பிடித்த மூலையில்தான் நடுங்கிக்கு யோகம் அடித்தது. முன் கண்ணாடியை ஒட்டியிருக்கிற பசை காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நடுங்கியில் வளைந்த கத்தித் தகடு ஒன்றை மாட்டி, பசைக்குள் விட்டு, ஓரமாகவே நகர்த்திக்கொண்டு போனார். கண்ணாடி ஒரு கீறல் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. பிறகு சுரண்டுகிற தகடு. விளிம்பில் அப்பிக்கிடந்த பழைய பசை தோல் தோலாக உரிந்தது. நான் அந்த வேலையை உளியால் செய்தால் ஒரு பகல் போகும், மூன்று விரலில் கட்டும் விழும். அடியில் துரு தின்ற இடம் ஒரு தீப்பெட்டி அளவு. கிரைண்டர் வட்டு அந்த இடுக்குக்குள் நுழையவே நுழையாது. நுழைந்தாலும் பொறி பறந்து டாஷ்போர்டையும் ஒயரையும் பொசுக்கிவிடும். நடுங்கி அந்த மூலைக்குள் தலையைக் கொடுத்து, துருவை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தது. ஒரு பொறி இல்லை. பிளேடு ஒன்று செத்தது, போகட்டும்.

"என்ன, ஒண்ணும் சொல்லலையே?" என்றார்.

"பரவாயில்ல" என்றேன். என் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

வந்தது வினை. ஒரு மூலையை ஜெயித்த மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. பம்பர் ஓரத்தை நடுங்கியால் வெட்டினார். கதவின் உள் விளிம்பில் இருந்த பசையை நடுங்கியால் சுரண்டினார். ஒழுங்காகக் கையால் செய்கிற வேலைக்கெல்லாம் நடுங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் காலை முதல் சாயங்காலம்வரை உர்ர், உர்ர் என்று ஒரே சத்தம். கடைசியில் உப்புத்தாள் ஒட்டுகிற முக்கோணத் தகட்டை மாட்டி, அந்த இரண்டு கதவுகளிலும் பூசின பட்டியை அதாலேயே தேய்க்க ஆரம்பித்தார்.

"கட்டையில தாளைச் சுத்தித் தேய்ங்க" என்று சொன்னேன்.

"தோள் வலிக்குது. இதுல வலிக்கலை."

தோள் வலி என்று அவர் சொன்னால் நிஜமாகவே வலிக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டேன். நாள் கணக்கில் தேய்த்தார். வலது கை சுவிட்ச் பக்கம், இடது கை கழுத்தைப் பிடித்தபடி. எந்த இடம் அதிகமாக நடுங்குமோ அந்த இடத்தில்தான் இடது கை இருந்தது. அது அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

முடித்தார், துடைத்தார், கண்ணை மூடினார். கை கதவின் மேல் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. "போகலாம்" என்றார். நான் டப்பாவைத் திறந்து கறுப்பு அடித்தேன், மேலே பளபளப்புக்கு மினுக்கப் பூச்சு அடித்தேன். உள்ளே டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க அமர்க்களமாக இருந்தது.

கதவைப் பார்க்க அண்ணி வந்ததும், முன் கண்ணாடி இன்னும் மாட்டாத காரை வெளியே வெயிலுக்குத் தள்ளினோம். அவள் ஆசை ஆசையாகக் கதவு பக்கம் போனாள். குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"இதென்ன, நான் இடுப்புல இவ்வளவு ஒல்லியா, கழுத்துல இவ்வளவு குண்டா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கதவில் அண்ணி நெளிந்துகொண்டு நின்றாள். எதிர்வீட்டுச் சுவர் நெளிந்தது. தெருவில் சைக்கிளில் போனவர் முன் கதவில் நெட்டையாக நுழைந்து பின் கதவில் குட்டையாக வெளியே போனார். எனக்கு வாயில் வந்த வார்த்தையை அண்ணி நிற்கிறாள் என்று விழுங்கினேன்.

அவர் வந்து பார்த்தார். கண்ணை மூடி இடது கையைக் கதவில் வைத்து ஓட்டினார். திறந்து பார்த்தார். மறுபடி மூடி ஓட்டினார். "கையில ஒண்ணும் தெரியலையே" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. முகத்தில் ரத்தமே இல்லை. திட்டுவதற்கு மூச்சை இழுத்து வைத்திருந்த நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அண்ணிக்குப் பாதி புரிந்தது. "சரி விடுடா. நான் சொல்லி வெச்சவங்களை இன்னும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, முதல் தடவையாக யாரையும் அதட்டாமல் போனாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டில் டீ கொடுத்தேன். கொதிக்கிற டம்ளரை இடது கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் அம்மா என்று போட்டிருப்பேன். டம்ளரைப் பிடுங்கிக் கையைத் திருப்பிப் பார்த்தேன். சிவந்திருந்தது. "சுடலையா?" என்றேன். "சுடுது" என்றார், பொய். எங்கள் சோறு, எங்கள் கடை, இந்த மனுஷரின் கௌரவம் எல்லாம் அந்த ஒரு கையில்தான் இருந்தது. அது கட்டை மாதிரி என் மடியில் கிடந்தது.

மறுநாள் அவர் கடைக்குத் தாமதமாக வந்தார். அதற்குள் நான் நடுங்கியை எடுத்து, ஒரு பழைய கண்ணாடிச் சட்டத்தில் அப்பியிருந்த பசையைச் சுரண்ட ஆரம்பித்திருந்தேன். கோபத்தை எதன் மேலாவது காட்ட வேண்டுமே. காலை முழுக்கச் சுரண்டினேன். நிறுத்திவிட்டுத் தாகத்துக்குச் செம்பை எடுத்தால் செம்பு கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உள்ளங்கை உள்ளுக்குள் இன்னும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. உப்புத்தாளைத் தொட்டேன், துடைக்கிற துணியைத் தொட்டேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அந்த அலையடிக்கிற கதவைத் தொட்டேன். வழவழவென்று, குழந்தை கன்னம் மாதிரி இருந்தது.

பிடிபட்டுவிட்டது. குற்றம் இரண்டு. முக்கோணத் தகடு சின்னது. நீளக் கட்டை மேட்டை மட்டும் சீவிவிட்டுப் பள்ளத்தைத் தாண்டிப் போகும், இது பள்ளத்துக்குள்ளும் இறங்கி அதையும் தேய்க்கும். அலையை உண்டாக்கியது அது. உண்டான அலை கைக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நடுக்கம். கையை நாள் கணக்கில் நடுங்க வைத்துவிட்டு அந்தக் கையிடமே சாட்சி கேட்டிருக்கிறோம்.

அவர் வந்ததும் கொட்டித் தீர்த்தேன். "கை போகலைங்க. மரத்துப்போயிருக்கு. என் கையும்தான் மரத்துப்போச்சு, பாருங்க, கிள்ளுங்க." கிள்ளினார். நன்றாகவே வலித்தது, ஆனால் வலிக்கவில்லை என்று சாதித்தேன்.

"உனக்குப் பழக்கமில்ல, அதனால மரத்திருக்கும். எனக்கு இது வேற" என்றார்.

"என்ன வேற?"

"வயசாகுது. போச்சுன்னா போச்சு."

சாயங்காலத்துக்குள் என் கை சரியாகிவிட்டது. அவரோ தன் கையை நம்பவே மறுத்தார். நடுங்கியைப் பூட்டி வைத்துவிட்டேன். அவர் தட்டுகிற வேலை செய்தார், வெல்டிங் செய்தார், மூலைத் துருவுக்குத் தகடு வெட்டி ஒட்டினார், கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். எதையும் தடவிப் பார்க்க மட்டும் மாட்டேன் என்றார். இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். பக்கத்துக் கடைக்காரர் புது மேசை வாங்கி வாசலில் இறக்கியபோதுகூட ஒதுங்கிப் போனார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. கை வந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் இருப்பது அவருக்குத் தேவலையாக இருந்தது. தொட்டுப் பார்த்து, வரவில்லை என்று தெரிந்துவிட்டால்?

"ஒரு தடவை தொட்டுத்தான் பாருங்களேன்" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தட்டைப் பார்த்துச் சொன்னார். "தொட்டு, ஒண்ணும் தெரியலைன்னா? கைக்காகத்தானே என்னைக் கட்டிக்கிட்ட."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் ஊர் முழுக்க நான் சொன்ன கேலியை, பக்கத்தில் நின்று கூடச் சிரித்தபடி, இந்த மனுஷர் நிஜம் என்றே எடுத்து உள்ளே வைத்திருக்கிறார். கோபம்தான் வந்தது. எனக்கு அழுகை வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

"ஆமா, கைக்காகத்தான் கட்டிக்கிட்டேன். கட்டிக்கிட்டு, இத்தனை வருஷமா மிச்ச ஆளோடதானே குடும்பம் நடத்துறேன்? உங்க குறட்டையோட, உங்க அழுக்குத் துணி மூட்டையோட, காலை வெட்டின இந்த மேசையோட. கை வேலைக்கு ஆகலைன்னா விட்டுட்டுப் போயிருவேன்னு நினைச்சீங்களா? அப்படிப் போறவளா இருந்தா எப்பவோ போயிருக்க மாட்டேனா?"

அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கதவு அப்படியே இருந்தது. அண்ணி இரண்டு தடவை வந்து, ஒன்றும் கேட்காமல், டீ குடித்துவிட்டுப் போனாள். இனியும் இழுக்க முடியாது. அவர் தேய்க்க மாட்டேன் என்கிறார், சரி, நானே தேய்க்கிறேன் என்று இறங்கினேன். பளபளப்பைச் சுரண்டி, பட்டி பூசி, காயவிட்டு, நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தேன். தோள் கழன்றது. அவர் தோள் வலி என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தேவையே இல்லாமல் ஒரு சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டை போகிற சத்தம் மாறும்போதெல்லாம் அந்த முதுகு மட்டும் விறைத்தது.

முடித்துத் துடைத்தேன். கண்ணால் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

"ஏங்க, வந்து கை வைங்க."

"நீயே பாத்துக்கோ."

"நான் பெயிண்டர். எனக்குத் தெரியாது."

"உன் கண்ணுக்குச் சரியா இருந்தா சரிதான்."

"அப்படியா? அப்ப நான் கறுப்பு அடிக்கிறேன்." டப்பாவை எடுத்து மேசை மேல் டங்கென்று வைத்தேன். ஸ்குரூடிரைவரை மூடிக்கு அடியில் கொடுத்தேன். இந்தக் கடை திறந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வார்த்தை வராமல் நான் ஒரு டப்பாவைத் திறந்தது கிடையாது. மூடி ஒரு பக்கம் நெம்பி எழும்பியது. பெயிண்ட் வாசனை வந்தது. இன்னொரு பக்கம் ஸ்குரூடிரைவரைக் கொடுத்தேன். அவர் வரவில்லையென்றால் என்ன செய்வது என்று எனக்கே தெரியாது.

ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது.

அவர் வந்து என் பக்கம் பார்க்காமல் கதவின் முன்னால் நின்றார். பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து, சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். கண்ணை மூடினார். முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். கையைக் கதவின் கோடியில் வைத்து நகர்த்த ஆரம்பித்தார்.

கை வழுக்கிக்கொண்டு போனது. கைப்பிடி இருக்கிற இடத்தைத் தாண்டியது. கதவின் நடுவுக்கு வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. கதவு சரியாக இருப்பதால் போகிறதா, கைக்குத் தெரியாததால் போகிறதா? எனக்கு எப்படித் தெரியும்?

நின்றது.

ஒரு விரற்கடை பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. மறுபடி பின்னால் வந்தது.

"இங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வாளியிலிருந்து தண்ணீர் எடுத்து அந்த இடத்தில் தெளித்து, டியூப் லைட் அதில் விழுகிற மாதிரி சாய்ந்து பார்த்தேன். லைட்டின் நேர்கோடு அந்த இடத்தில் மட்டும் ஒரு மயிரிழை உள்ளே வாங்கியிருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து வட்டம் போட்டார். கை நடுங்கவில்லை, வட்டம் வட்டமாகவே வந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "யாரு தேய்ச்சது இது? கட்டையை ஒரு ஓரமா அழுத்தியிருக்கு. கொஞ்சமாவது கூறு வேண்டாமா?" என்றார்.

வேறு நாளாக இருந்தால் அந்தக் கட்டையாலேயே பதில் சொல்லியிருப்பேன். "நான்தாங்க" என்றேன். "வேற எங்கயாவது இருக்கா, பாருங்க."

பார்த்தார். இருந்தது. கீழே ஒன்று, விளிம்பில் ஒன்று, பின் கதவில் வரிசையாக இரண்டு. கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க மனுஷருக்குத் தெம்பு ஏறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு. இவ்வளவு பேச்சு இந்த ஆளுக்குள் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ம், அப்புறம்? இங்க பாத்தீங்களா?" என்று கூடவே நடந்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. அண்ணி வந்து நின்றாள். கதவு இரண்டிலும் கண்ட இடமெல்லாம் பென்சில் வட்டம்.

"என்னடா இது, இவ்வளவு தப்பா?"

"எல்லாமே நான் பண்ணது அண்ணி" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் எதையும் சொன்னதில்லை.